மூதூர் லாஞ்சில் ஒரு மடக்குக் கத்தி

நான் ஒரு கத்தியைத் திருடினேன். திருட்டை மறைக்க இன்னொருவர் பெயரைச் சொன்னேன். முப்பது வருடமாக முதலாவதை மட்டுமே குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த புதிதில், திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியின் வாசலில் எழுத்தர் வேலை எனக்கு. நாகப்பட்டினத்தில் பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவனுக்கு உறவினர் ஒருவர் பிடித்துத் தந்தது. கிட்டங்கிக்குள் போகும் தோணிக்காரர்கள் தங்கள் கத்தியை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். சீனி மூட்டைகளைக் கீறிவிடுவார்கள் என்று பயம். சுவரில் ஒரு பலகை, அதில் இலக்கமிட்ட ஆணிகள். கத்தியை ஆணியில் மாட்டிவிட்டு அதே இலக்கமுள்ள பித்தளை வில்லையைக் கொடுப்பேன். மாலையில் வில்லை என் கைக்கு வரும், கத்தி அவர்கள் கைக்குப் போகும். திருட்டைத் தடுப்பதற்கென்றே வைத்த அந்த வாசலில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்து அங்கே நடந்த ஒரே திருட்டு நான் செய்ததுதான்.

கத்தி சவிரிமுத்து என்ற தோணிக்காரருடையது. யுத்தகாலத்தில் ஒரு கப்பல்காரன் கொடுத்தது. கொம்புப் பிடி, ஒற்றை அலகு. மடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வேலையில்லாத பகல்களில் அதை ஆணியிலிருந்து எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம்தான் என்னைக் கெடுத்தது.

சவிரிமுத்துவின் தோணியிலேயே காசிம் என்று ஒருவர் இருந்தார். கிண்ணியாக்காரர். இருவரும் சாப்பிடுவதும் ஒரே பொதியில்தான். மாலையில் சவிரிமுத்து தோணியைக் கட்டிவிட்டு வரத் தாமதமாகும் என்பதால், காசிம் இரண்டு வில்லைகளையும் கொண்டுவந்து இரண்டு கத்திகளையும் வாங்கிப் போவார். அன்றைக்கும் அப்படியே வந்தார். அவருடைய கத்தியை மட்டும் கொடுத்து, "அவரோடத அவர்கிட்டயே கொடுத்துடறேன்" என்றேன். நல்ல மனிதர், இரண்டு வில்லைகளையும் வைத்துவிட்டுப் போனார். பிறகு சவிரிமுத்து வந்தார். "ரெண்டையும் காசிம் வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றேன். கத்தி என் கால்சட்டைப் பையில் இருந்தது.

மறுநாளிலிருந்து காசிம் வேலைக்கு வரவில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று. மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பி, கல்லூரியில் பூகோளம் கற்பிக்கத் தொடங்கினேன்.

ஓய்வு பெற்ற அன்று கல்லூரி மேசையைக் காலி செய்தேன். அதில் இருந்தவற்றில் என்னுடையது அல்லாத பொருள் அந்தக் கத்தி ஒன்றுதான். வீட்டில் திருகோணமலைக் கோணேசர் தரிசனம் என்று சொல்லிவிட்டு, கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கப்பலேறினேன்.

கப்பலின் மேல்தளத்தில் பக்கத்தில் இருந்தவர் வேலூர்க்காரர், இனிய சுபாவம். ஆரஞ்சு உரிக்கக் கத்தி கேட்டார். கொடுத்தேன். உரித்து எனக்கும் நாலு சுளை தந்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். கத்தியோடு போனார். கரை இறங்கிய கூட்டத்தில் தேடியும் கிடைக்கவில்லை. நான் அந்தக் கத்தியை எடுத்தபோது யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அந்த வகையில் அவர் என்னைவிட மேல்.

ஆக, கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் கத்தி இல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கந்தளாய்க்கு அப்பால் பஸ் நின்றுவிட்டது. ஏதோ ரப்பர்க் குழாய் வெடித்துவிட்டதாம். வெடித்த நுனியை வெட்டி மறுபடி மாட்ட வேண்டும். நடத்துநர் உள்ளே தலையை நீட்டி, முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கேட்டார்: "ஆரிட்டயாவது கத்தி இருக்கோ?" மடியிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் வெற்றிலைப் பையிலிருந்தும் ஏழு கத்திகள் வெளியே வந்தன. ஒரு பிக்குவின் துணிப்பையிலிருந்துகூட ஒன்று வந்தது. நடத்துநர் நகைக்கடையில் நிற்பவர்போல் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஒருவர் கத்தியை வெளியே எடுத்தால் மற்றவர்கள் இறங்கி ஓடுவார்கள். இங்கே கத்தி என்பது கைக்குட்டை மாதிரி. இல்லாதவன்தான் சந்தேகத்துக்குரியவன். பக்கத்தில் இருந்த கிழவர் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "ஐயா வெளியூரோ?" என்று அனுதாபத்துடன் கேட்டார்.

திருகோணமலையில் இறங்கியபோது பசி கண்ணை அடைத்தது. நான் சைவம். துறைமுக வீதியில் ஒரு கடையில் புகுந்து அதைச் சொன்னேன். "அதுக்கென்ன" என்று பிட்டும் சம்பலும் வைத்தார்கள். சம்பல் அபாரம். இரண்டாம் முறை வாங்கியபோது, "இதுல மீன் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவைத்தேன்.

"சீச்சீ, மீன் இல்ல ஐயா. தனி மரக்கறி. மாசி மட்டும் கொஞ்சம் இடிச்சுப் போட்டிருக்கு."

மாசி என்பது காய்ந்த சூரை மீன். அதை மீன் என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த மேசையில் இரண்டு சிங்களக் கடற்படைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் கற்ற அரைகுறைச் சிங்களத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: "ஆள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டானே." "பொறு, தட்டில் மிச்சம் இருக்கிறது. சாப்பிடுவான்." சாப்பிட்டேன். திருடியவன் மாசிக்குத் தயங்குவது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது.

சவிரிமுத்துவைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூதூர் லாஞ்சில் கயிறு போடுகிறவர் அவர்தான் என்று கடைக்காரரே சொன்னார். கொட்டியாரக் குடாவைக் கடந்து போய்வருகிற பயணிகள் படகு அது. இறங்குதுறையில் போய் நின்றேன். தலை முழுக்க நரை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வழுக்கையும் தடித்த கண்ணாடியும் வந்திருந்தன. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க சவிரிமுத்துங்களா?"

"ஓம். ஐயா இந்தியாவோ?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேருக்குப் பின்னால 'ங்களா' எண்டு ஒரு வால் கட்டினீங்கள். எங்கட ஆக்கள் வெறும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம்."

முப்பது வருடமாக மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்கணும். எனக்குத்தான். தினமும் பையில வச்சுக்க. உங்களக் கேட்டா தெரியும்னாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆர் சொன்னது? சாப்பாட்டுக் கடையோ? அவன் சொல்லுவான். அவன்ர கத்தியும் நான் எடுத்துக் குடுத்ததுதான். நாளைக்குப் பின்னேரம் நிண்டுகொள்ளுங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

இது கோழைத்தனம்தான். ஆனால் அந்த நேரத்தில் தந்திரம் என்று நினைத்தேன். அவர் வாயாலேயே அவருக்குப் பிடித்த கத்தியைத் தெரிந்துகொண்டு, வாங்கி, அதையே அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை கடைவீதிக்குப் போனோம். இறக்குமதிக்குக் கதவு திறந்துவிட்டிருந்த காலம். போன வருடம்வரை வெறும் தட்டாக இருந்த கடைகளில் சாமான் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு பெட்டிக் கத்திகளைக் கண்ணாடி மேசையில் கொட்டினார். சவிரிமுத்து அவற்றைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். உள்ளங்கையைத் தன் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். "எழுதிற கை. பாரம் ஏலாது. எங்க வைப்பீங்கள்? கால்சட்டையிலயோ, சேட்டிலயோ?"

"சட்டைப் பையிலதான்... ஆனா இடுப்புல செருகிக்கிறமாதிரி இருந்தாலும் நல்லது" என்றேன். அவரல்லவா இடுப்பில் வைக்கிறவர்.

"வேட்டி கட்டிற ஆள் இடுப்பில வைச்சா வீதியில விழும். சரி, என்னத்தை வெட்டப் போறீங்கள்?"

"எல்லாத்துக்கும் ஆகணும். பழம், கயிறு..."

"நாகப்பட்டினத்தில ஐயா என்ன கயிறு அறுக்கிறீங்கள்?"

"...புத்தகக் கட்டு."

முதலாளி இருமினார். அவர் சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்து விரித்தார். கரண்டி, கத்தரிக்கோல், போத்தல் திறப்பான் எல்லாம் நண்டுக் கால்போல் வெளியே வந்தன. "பாருங்கோ, பதினொரு சாமான்."

"பதினொண்டும் இருக்கு, கத்தி ஒண்டுதான் இல்ல" என்றார் சவிரிமுத்து. "அதை வை."

பொத்தானை அமுக்கினால் பாய்கிற கத்தியை, "இது பொலிசுக்காரனுக்குக் காட்டிறதுக்கு" என்று ஒதுக்கினார். பளபளவென்று துருப்பிடிக்காத ஒன்று. "இது கறளே பிடிக்காது" என்றார் முதலாளி. "கறள் பிடிக்காத இரும்பு கூர் பிடிக்கவும் பஞ்சிப்படும், சோம்பேறி இரும்பு. கல்லில தேய்ச்சுத் தேய்ச்சு ஐயாவுக்குத்தான் கை தேயும்." எஞ்சியவை ஐந்து. ஒவ்வொன்றையும் பாதி திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடிய இரண்டைத் தள்ளினார். மூடி வெளிச்சத்தில் பிடித்து, முதுகில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தார். முதலாளியின் தண்ணீர்க் குவளையில் விரலை நனைத்து, ஈர நகத்தால் அலகைத் திறந்தார். "கை காய்ஞ்சிருக்கேக்க எல்லாக் கத்தியும் திறக்கும். தேவைப்படேக்க கை காய்ஞ்சிருக்காது."

கடைசியாகக் காதருகே கொண்டுபோய் மூடினார். டக். அதே சத்தம்.

"என்ர குவளை ஐயா அது, குடிக்கிற தண்ணி" என்றார் முதலாளி.

"குடிக்கிறதுதானே. என்ர விரலுக்கென்ன?"

அவர் தேர்ந்தது சின்னக் கத்தி. மரப்பிடி, ஒற்றை அலகு, கருத்த இரும்பு, பிடியில் கயிறு கோக்க ஒரு துளை. எந்த நாட்டுச் சரக்கு என்று முதலாளிக்கே தெரியவில்லை. என் கையில் அது விரலின் நீட்சிபோல் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்தால் நல்லது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்குத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இதுதான்."

பிறகு தேநீர். பாலில்லாத சாயம். சர்க்கரையைக் கரைக்காமல் உள்ளங்கையில் கொட்டித் தந்தார்கள், நக்கிக் குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் இதைக் கஷாயம் என்போம்.

"உங்ககிட்ட இருக்கிறது என்ன கத்தி?" என்று கேட்டேன்.

"இப்ப இருக்கிறது சும்மா ஒண்டு. முந்தி ஒண்டு இருந்தது ஐயா. கொம்புப் பிடி. என்ர சினேகிதன் ஒருத்தன் எடுத்துப்போட்டான். காசிம் எண்டு. சினேகிதன் எண்டில்ல, கூடப்பிறந்த மாதிரி."

"அவர்தான் எடுத்தார்னு எப்படித் தெரியும்?"

"கேற்றில ஒரு கிளாக்கர் இருந்தவர், உங்கட பக்கத்து ஆள்தான். அவர் சொன்னவர், ரெண்டையும் குடுத்தனான் எண்டு. நான் அண்டைக்கு இரவே தோணித்துறையில போய், சனத்துக்கு முன்னாலயே கள்ளன் எண்டு ஏசிப்போட்டன். அவன் கிளாக்கர் தன்னட்டத் தரேல்ல, அல்லா மேல ஆணை எண்டான். கிளாக்கர் படிச்ச மனிசன் ஐயா. அந்தாள் ஏன் பொய் சொல்லப்போகுது?"

அதுதான் சொல்ல வேண்டிய தருணம். நான் உள்ளங்கைச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, "தேத்தண்ணி நல்லா இருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் காலை, மூதூர் பார்க்கப் போவதாகச் சொல்லி லாஞ்சில் ஏறினேன். மூதூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காசிமைப் பற்றி லாஞ்சில் வரும் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. ஆடுகள் இரண்டு, வாழைக்குலைகள், ஒரு தையல் இயந்திரம், கட்டைபறிச்சானுக்குப் போகும் ஒரு கல்யாணக் கூட்டம் எல்லாவற்றோடும் எனக்கு ஒரு ஓரம் கிடைத்தது. பூகோளம் கற்பித்த காலமெல்லாம் கொட்டியாரக் குடாவை இயற்கைத் துறைமுகத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அதில் வாந்தி வரும் என்பதைச் சொன்னதில்லை.

மூதூர்த் துறை நெருங்கியது. சவிரிமுத்து முனையில் போய் நின்று கயிற்றை வீசினார். துறைப் பலகையில் நின்ற, வெள்ளைத் தொப்பி போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் அதை ஒரு கையால் பிடித்துக் கட்டையில் சுற்றினார். துல்லியமான வேலை. வீசியவர் கடலைப் பார்த்தார். பிடித்தவர் கட்டையைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் கதைக்க மாட்டினம்" என்றார் பக்கத்தில் இருந்த மீன்கூடைக்காரப் பெண். "கன காலம். நான் கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து பாக்கிறன். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கயிறு எறியிறார், அந்தாள் பிடிக்குது. ஒரு 'பிடி' எண்ட சொல்லுக்கூட இல்ல."

"யார் அவர்?"

"காசிம். அண்ணன் முறைக்கு எல்லாரும் காசிம் நானா எண்டு கூப்பிடுவம். முடிச்ச மனிசிட ஊர் இது. பழைய காலத்தில ஏதோ களவுக் கதையாம்."

நான் இறங்கவில்லை. அதே லாஞ்சில் திரும்பினேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்றால் முப்பது வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

திருகோணமலையில் எல்லோரும் இறங்கிய பிறகு அவரிடம் போனேன். திருத்தி வைத்திருந்த வாக்கியத்தை மறந்துவிட்டிருந்தேன். "அந்தக் கிளார்க் நான்தான்" என்றேன். "கத்தியை எடுத்தது நான். காசிம் எடுக்கல. அவர் ரெண்டு வில்லையும் கொடுத்தார், நான் ஒரு கத்திதான் கொடுத்தேன்."

அவர் சுருட்டிக்கொண்டிருந்த கயிற்றை விடவில்லை. கடைசி வரை சுருட்டி, முடிச்சுப் போட்டு, வைத்துவிட்டு நிமிர்ந்தார். என் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம். நீதான்" என்றார். அதுவரை என்னை நீங்கள் என்று சொன்னவர்.

புதுக் கத்தியை நீட்டினேன். "இது உங்களுக்காகத்தான் வாங்கினது."

"இது உன்ர கைக்கு எடுத்தது. என்ர கைக்கு இது பல்லுக்குத்தக்கூடக் காணாது." வாங்கவில்லை. "என்ர கத்தி எங்க?"

இதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. "கப்பல்ல ஒருத்தர் ஆரஞ்சு உரிக்க வாங்கினார். திருப்பித் தரல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதையும் நான் நம்பவேணுமோ?"

நான் சொன்ன பொய்யை முப்பது வருடம் நம்பியவர், சொன்ன உண்மையை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. அதில் தவறும் இல்லை.

"நாளைக்குக் காலமை முதல் லோஞ்சுக்கு வா. என்னட்டச் சொல்லி என்ன? அவனிட்டச் சொல்லு. வராட்டி நான் உன்ர அறைக்கு வருவன்."

போனேன். அன்றைக்குக் குடா கண்ணாடியாகக் கிடந்தது. சவிரிமுத்து கயிற்றை வீசினார், காசிம் பிடித்தார். லாஞ்சு பலகையை உரசி நின்றதும் சவிரிமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம், "சொல்லு" என்றார்.

சொன்னேன். காசிம் கயிற்று நுனியைக் கையில் வைத்தபடியே கேட்டார். வயதுக்கு மீறிய கிழவராக இருந்தார். முடித்தபோது, நான் ஏதோ நேரம் சொன்னதுபோல் தலையாட்டினார்.

"எனக்கிட்டத் தனியாச் செல்லி என்ன காரியம்?" என்றார். "கள்ளன் எண்டது சனத்துக்கு முன்னால. இந்தா சனம் இரிக்கி. அவங்களுக்குச் செல்லுங்க."

இறங்கக் காத்திருந்தவர்களும் ஏறக் காத்திருந்தவர்களுமாக ஐம்பது பேர் இருப்பார்கள். முப்பது வருடம் வகுப்பறையில் பேசியவன். பலகையில் ஏறி நின்று தொண்டையைச் செருமினேன். பேசும்போது கையில் சாக்பீஸ் இருந்தே பழக்கம். பையில் இருந்த கத்தியை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே, இந்த மாதிரி ஒரு மடக்குக் கத்தி..."

"எங்களுக்கு வேணாம்!" என்றார் மீன்கூடைக்காரப் பெண். "போன கிழமையும் ஒருத்தர் வந்து வித்தவர். ரெண்டு நாளில மொட்டை."

"என்ன விலை?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நான் விக்க வரல..."

"சும்மா குடுக்கிறீங்களோ? அப்ப எனக்கு ரெண்டு."

கூட்டம் சிரித்தது. கத்தியைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறுங்கையோடு மறுபடி ஆரம்பித்தேன். கிட்டங்கி, ஆணி, வில்லை, காசிம் பெயர். சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றது. ஆடு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. "எடுத்தது நான். இவர் இல்லை" என்று முடித்தேன். தையல் இயந்திரத்தை மறுபடி கொண்டுவந்திருந்த மனிதர் கேட்டார்: "இதை ஒரு கடுதாசியில எழுதிப் போட்டிருக்கலாமே, அந்தக் காலத்திலயே?" போட்டிருக்கலாம். எங்கள் தெருமுனையில் தபால்பெட்டி இருக்கிறது.

காசிம் என்னைப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் முறையாக சவிரிமுத்துவைப் பார்த்தார்.

"இந்த மனிசன் ஆரோ எவரோ. வேற நாட்டாள். பொய் செல்லிச்சு. சரி." குரல் உயரவில்லை. "நீ என்னத்துக்கு மச்சான் நம்பின?"

காசிம் கயிற்றைக் கட்டையிலிருந்து கழற்றி, தண்ணீரில் போட்டுவிட்டு, கரைக்கு நடந்து போய்விட்டார். லாஞ்சு பின்புறமாக நகரத் தொடங்கியது. ஒரு காலைப் பலகையிலும் ஒரு காலை லாஞ்சிலும் வைத்திருந்த கல்யாண வீட்டுக்காரரை நாலு பேர் இழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காசிம் துறைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சவிரிமுத்துவே பலகைக்குத் தாவிக் கயிறு கட்டினார் என்றும், ஒரு முறை வழுக்கி முழங்கால் அடிபட்டது என்றும் சாப்பாட்டுக் கடையில் சொன்னார்கள். நான் வந்து எதைச் சரிசெய்தேன் என்று யோசித்தேன். பேசாமலாவது ஒரு கயிற்றின் இரண்டு நுனியில் இருந்தவர்கள் அவர்கள். உண்மை தெரியும்வரை குற்றம் சுமந்தவர் காசிம். தெரிந்த பிறகு கோபப்படும் உரிமை அவருக்கு வந்துவிட்டது. அதைத்தான் நான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். வேறு வேலை இல்லாததால் கோணேசர் கோயிலுக்குப் போனேன். வீட்டில் சொன்னது அந்த அளவில் உண்மையாகட்டும்.

ஊர் திரும்பும் நாள் காலை, பஸ்ஸுக்கு முன் இறங்குதுறைக்குப் போனேன். போகாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சவிரிமுத்து முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, வழக்கத்துக்கு முந்தியே வந்து, ஆட்களை அவசரப்படுத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வந்தாரா?" என்றேன்.

"நேத்துப் பின்னேரம் வந்தவன்." என்னைப் பார்க்காமலே சொன்னார். "கயிறைப் பிடிச்சான். பிடிச்சுப்போட்டு ஏசத் தொடங்கினான். என்ர அப்பன், ஆத்தை, பங்குச் சாமியார் ஒருத்தரையும் விடேல்ல. முப்பது வருசத்து ஏச்சு. சனம் எல்லாம் இறங்காமல் நிண்டு பாத்தது. ஒரு மணித்தியாலம் லோஞ்சு பிந்திப்போச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? கேட்டுக்கொண்டு நிண்டனான். பேந்து இருட்டிப்போச்சு. மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன் எண்டு போனான்."

என்னை ஏசச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைத்தேன். இருவரில் ஒருவராவது ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அதை ஊருக்குக் கொண்டுபோயிருப்பேன். கத்தியை மறுபடி எடுத்து நீட்டினேன்.

"அதை நீயே வைச்சிரு" என்றார். "நல்ல கத்தி. பாத்துத்தான் எடுத்தனான்."

உண்மைதான், நல்ல கத்தி. இதை எழுதுகிற பென்சிலையும் அதில்தான் சீவினேன்.

அவர் என்னை விலக்கிக்கொண்டு முனைக்குப் போனார். வாழைக்குலைக்காரர் ஒருவர் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சவிரிமுத்து இயந்திரக்காரரைப் பார்த்துக் கத்தினார்:

"எட்டு மணிக்குத்தான் எண்டு பாக்காதை, லோஞ்சை எடடாப்பா கெதியா! அங்க ஒருத்தன் ஏசிறதுக்குப் பாத்துக்கொண்டு நிப்பான்."